பிட்சன்பார்கருக்கு ஏன் 34 வருஷம் ஆச்சு?

டாட் ராபின்சன் இயக்கிய ‘தி லாஸ்ட் ஃபுல் மெஷர்’ 2020 ஜனவரியில் அமெரிக்கத் தியேட்டர்களுக்கு வந்தது. வந்த வேகத்தில் போயும் விட்டது. நல்ல படமா என்று கேட்டால், பாதி நல்ல படம். இந்தக் குறிப்பு மீதிப் பாதியைப் பற்றியது. அந்தப் பாதியில் இருக்கிற தப்பு வெறும் சினிமாத் தப்பு இல்லை. போரில் உயிரைக் கொடுக்கிறவர்களை விட்டுவிட்டு, உயிரைக் காப்பாற்றுகிறவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால், ஒரு நாடு அவர்களை எப்படிக் கவனிக்கிறது அல்லது கவனிக்கத் தவறுகிறது என்பதிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. படம் அந்தச் சிக்கலின் வாசல் வரைக்கும் போய்விட்டு, பயந்துபோய் ஒரு வில்லனைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறது.

முதலில் நடந்த கதை.

வில்லியம் பிட்சன்பார்கர். ஒஹையோ மாநிலத்தில் பிக்வா என்ற சின்ன ஊர். பெற்றோருக்கு ஒரே பிள்ளை. அமெரிக்க விமானப்படையில் பாராரெஸ்க்யூ வீரர். பாராசூட்டில் குதித்தோ, ஹெலிகாப்டரிலிருந்து கம்பிவடத்தில் இறங்கியோ, மாட்டிக்கொண்டவர்களுக்கு முதலுதவி செய்து மேலே ஏற்றி அனுப்புகிற வேலை. 1966 ஏப்ரல் 11 அன்று அவருக்கு வயது 21. வியட்நாமில் அதற்குள் 250க்கும் மேற்பட்ட மீட்புப் பணிகளில் பறந்திருந்தார்.

அன்றைக்கு சைகோனுக்குக் கிழக்கே ஸா காம் மி என்ற இடத்தில், ஆபரேஷன் அபிலீன் என்ற தேடுதல் வேட்டைக்குப் போன தரைப்படையின் சார்லி கம்பெனி சுற்றி வளைக்கப்பட்டது. 134 பேர். மறுநாள் காலைக்குள் அவர்களில் 106 பேர் செத்திருந்தார்கள் அல்லது காயப்பட்டிருந்தார்கள். தங்கள் பக்கத்துப் பீரங்கிக் குண்டுகளே அவர்கள் மேல் விழுந்த கொடுமையும் அதில் அடக்கம். நூறடிக்கு மேல் வளர்ந்த மரங்கள் அடர்ந்து நிற்கிற காடு, ஹெலிகாப்டர் இறங்க இடமே இல்லை. ஆளை மேலே இழுக்கிற வடம் அன்றைக்கு அந்தப் பகுதியில் விமானப்படையின் ஹஸ்கி ஹெலிகாப்டர்களிடம்தான் இருந்தது. (ஹஸ்கி பற்றி ஒரு வரி: இது சண்டைக்கென்று செய்த ஹெலிகாப்டரே இல்லை. விமானத்தளத்தில் விமானம் தீப்பிடித்தால் போய் அணைக்கவும், விமானியை வெளியே இழுக்கவும் வைத்திருந்த வண்டி. ஒன்றோடொன்று பின்னிச் சுழலும் இரட்டை விசிறியோடு பார்க்கவே விசித்திரமாக இருக்கும்.)

வடத்தில் கம்பிக்கூடை மாதிரியான ஸ்ட்ரெச்சரை இறக்குகிறார்கள். கீழே இருப்பவர்களுக்கு அதில் ஆளைக் கிடத்திக் கட்டத் தெரியவில்லை. நேரம் போகிறது. மேலே இருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்த பிட்சன்பார்கர் தன் விமானி ஹால் சேலமிடம், நான் கீழே இறங்கிச் செய்கிறேன் என்று கேட்கிறார். இறங்குகிறார். இரண்டு ஹெலிகாப்டர்கள் மாறி மாறி வந்துபோக, ஒன்பது பேரை மேலே அனுப்புகிறார். அடுத்த நடையில் சேலமின் ஹெலிகாப்டர் சுடப்படுகிறது. ஏறி வந்துவிடலாம் என்ற நிலையில், இவர் கீழே இருந்து கையசைத்து அவர்களைப் போகச் சொல்லிவிடுகிறார். அதற்குப் பிறகு வேறு ஹெலிகாப்டர் வர முடியவில்லை. இவர் காயம்பட்டவர்களுக்குக் கட்டுப் போடுகிறார், செத்தவர்களிடமிருந்து தோட்டாக்களைச் சேகரித்து உயிரோடு இருப்பவர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறார், அன்று மாலையே சுடப்பட்டுச் சாகிறார். மறுநாள் காலை அவருடைய சக பாராரெஸ்க்யூ வீரர் ஹென்றி ஓ’பியர்ன் இறங்கி உடலைக் கண்டெடுத்தார்.

அதே 1966இல் அவருக்கு ஏர்ஃபோர்ஸ் கிராஸ் கொடுத்தார்கள். விமானப்படையில் இரண்டாவது பெரிய விருது. முதலாவதான மெடல் ஆஃப் ஆனர் கிடைத்தது 2000 டிசம்பர் 8 அன்று. அவருடைய அப்பா நேரில் வந்து வாங்கிக்கொண்டார்.

இந்த 34 வருஷ இடைவெளிதான் படத்தின் கதை. செபாஸ்டியன் ஸ்டான் நடிக்கும் ஸ்காட் ஹஃப்மன் என்ற பென்டகன் அதிகாரி, கோப்பு தன் மேசைக்கு வந்ததும் வேண்டாவெறுப்பாக சார்லி கம்பெனியின் பழைய ஆட்களைத் தேடிப் போகிறான். போகப் போக, மேலிடத்தில் ஒருவர் தன் பழைய தப்பு வெளியே வரக்கூடாதென்று இந்த விருதை அமுக்கி வைத்திருக்கிறார் என்று தெரிய வருகிறது. பென்டகன் நடைபாதையில் மிரட்டல், பதவி உயர்வு ஆசை காட்டுதல், கடைசியில் நாயகனின் மனசாட்சி விழிப்பது. நமக்கு ரொம்பப் பழக்கமான பாதை. ஊழல் அமைச்சர் ஒருவரை மட்டும் சேர்த்தால் தமிழிலேயே எடுத்துவிடலாம்.

ஹஃப்மன் கற்பனைப் பாத்திரம். அதில் எனக்குக் குறையில்லை, சினிமாவுக்கு ஒரு ஆள் வேண்டும். நிஜத்தில் அந்த இடத்தில் இருந்தவர் பார்க்கர் ஹேய்ஸ். ஏர்மென் மெமோரியல் மியூசியத்தில் வேலை பார்த்தவர். 1990களில் அவர்தான் சார்லி கம்பெனியில் பிழைத்தவர்களைத் தேடிப் பிடித்து வாக்குமூலங்களைச் சேர்த்தார். பென்டகனின் பளபளப்பான வழக்கறிஞரை விட இந்த அருங்காட்சியக ஆள் எனக்குச் சுவாரசியமானவர். ஆனா அவர் கதையில் துரத்தல் காட்சி வைக்க முடியாது. போன் பண்ணணும், கடிதம் எழுதணும், பதிலுக்குக் காத்திருக்கணும், அவ்வளவுதான்.

என் குறை வில்லன் மேல். ஒரு சதிகாரனால்தான் தாமதம் என்று சொல்லிவிட்டால், அவனை நகர்த்தியதும் எல்லாம் சரியாகிவிடும். பார்வையாளனும் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். உண்மையில் 1966 கோப்பில் இல்லாமல் போனது போதுமான சாட்சியம். ஏன் இல்லாமல் போனது என்று யோசித்துப் பார்த்தால், எந்தச் சதியையும் விட அது பயங்கரமாக இருக்கிறது.

மெடல் ஆஃப் ஆனருக்குச் சந்தேகத்துக்கு இடமில்லாத நேரடிச் சாட்சியம் வேண்டும். ஒரு காலாட்படைச் சிப்பாய் சாகசம் செய்தால் அவன் கூடவே சாப்பிட்டுத் தூங்கின அதே பிளட்டூன் பார்க்கிறது. அவன் பேர் தெரியும், ஊர் தெரியும். அவனுடைய அதிகாரியே எழுதி மேலே அனுப்புகிறார். மீட்பு வீரனுக்கு இந்த வசதி எதுவும் இல்லை. அவன் வேறு படையிலிருந்து வருகிறான். சார்லி கம்பெனி தரைப்படை, இவர் விமானப்படை. அவர்கள் பார்வையில் இவர் வானத்திலிருந்து கம்பியில் இறங்கி வந்த ஒரு பேர் தெரியாத ஆள். இவரைப் பற்றிப் பரிந்துரை எழுத வேண்டிய விமானப்படை ஆட்கள் பார்த்தது, கையசைத்து அனுப்பின வரைக்கும்தான். அதற்குப் பிறகு நடந்ததைப் பார்த்தவர்கள் தரையில் கிடந்தார்கள். அவர்களில் பலர் அன்றிரவே செத்துப்போனார்கள். மிச்சமிருந்தவர்கள் ஆளுக்கொரு ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கிருந்து ஊருக்குப் போய், அந்த நாளை மறக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பாதிக் கதை ஆகாயத்தில், பாதிக் கதை தரையில். இரண்டும் இரண்டு வேறு அலுவலகங்களின் காகிதங்களில். ஒட்டிப் பார்க்க ஆள் இல்லை. காப்பாற்றப்பட்டவர்கள்தான் சிறந்த சாட்சிகள் என்று நாம் நினைப்போம். ஆனால் காப்பாற்றப்படுகிற நிமிடத்தில் அந்த ஆள் பெரும்பாலும் அரை மயக்கத்தில் இருக்கிறான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. கடமையின் அழைப்புக்கும் அப்பால் போன துணிச்சலுக்குத்தான் இந்த விருது என்று விதி. சரி, மீட்பு வீரனுக்குக் கடமை எங்கே முடிகிறது? குண்டுமழைக்குள் போய்க் காயம்பட்டவனைத் தூக்கி வருவது ஒரு சாதாரணச் சிப்பாய்க்குக் கடமைக்கு அப்பால். மருத்துவ உதவியாளனுக்கோ அது அன்றாட வேலை, அதற்குத்தானே சம்பளம் என்று ஒரு குமாஸ்தா மனசு சொல்லும். அதனால் இவர்களுக்கான அளவுகோல் எப்போதும் ஓரடி தள்ளியே வைக்கப்படுகிறது. பிட்சன்பார்கர் விஷயத்தில் அந்தக் கோடு தெளிவாகத் தெரிகிறது: இறங்கியதைக்கூட வேலை என்று வாதிடலாம், ஹெலிகாப்டரை அனுப்பிவிட்டு அங்கேயே நின்றதை வேலை என்று யாரும் சொல்ல முடியாது. அந்தக் கையசைப்பு இவ்வளவு பேர் நினைவில் நிற்பதற்குக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன். படமும் அதை நன்றாகவே எடுத்திருக்கிறது, மறுக்க மாட்டேன்.

கோடு இவ்வளவு தெளிவாக இல்லாதபோது ஆட்கள் எண்ணிக்கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். எத்தனை பேரைக் காப்பாற்றினார்? மெல் கிப்சனின் ‘ஹாக்ஸா ரிட்ஜ்’ (2016) பார்த்தவர்களுக்கு டெஸ்மண்ட் டாஸைத் தெரியும். துப்பாக்கியைத் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டு மருத்துவ உதவியாளராகப் போனவர். 1945 மே மாதம் ஓகினாவாவில் ஒரு செங்குத்துப் பாறை விளிம்பிலிருந்து காயம்பட்டவர்களை ஒவ்வொருவராகக் கயிற்றில் கட்டிக் கீழே இறக்கினார். விருதுச் சான்றில் 75 பேர் என்று இருக்கிறது. அந்த 75 எப்படி வந்தது தெரியுமா? படைப்பிரிவினர் நூறு பேர் இருக்கும் என்றார்கள். டாஸ், இல்லை இல்லை ஐம்பதுக்கு மேல் இருக்காது என்றார். நடுவில் வெட்டி 75 என்று போட்டார்கள். மார்க்கெட்டில் பேரம் பேசுவது மாதிரி. இதைக் கேலியாகச் சொல்லவில்லை. அன்றைக்கு அந்த மேட்டில் யாரும் எண்ணிக்கொண்டிருக்கவில்லை, விருதுக் காகிதத்துக்கோ ஒரு எண் வேண்டியிருந்தது.

எண் கிடைத்தால் காகிதம் வேகமாக நகர்கிறது என்பது என் ஊகம். காயம்பட்டவர்களை ஏற்றி வருவதற்கென்றே இருந்த ‘டஸ்ட் ஆஃப்’ ஹெலிகாப்டர் விமானிகளைப் பாருங்கள். பேட்ரிக் பிரேடி 1968 ஜனவரி 6 அன்று ஒரே நாளில் மூன்று ஹெலிகாப்டர்கள் மாற்றி 51 பேரைக் கொண்டு வந்தார். 1969இலேயே மெடல் ஆஃப் ஆனர். மைக்கேல் நோவோசெல் 1969 அக்டோபரில் 29 பேர், 1971இல் விருது. இருவரும் உயிரோடு திரும்பினார்கள் என்பதும், கொண்டுவந்த ஆட்களை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது எண்ண முடிந்தது என்பதும் உதவியிருக்க வேண்டும்.

ஆனால் எண் இருந்தும் தாமதமான கதைகள் உண்டு, அதையும் சொல்லாவிட்டால் நியாயம் இல்லை. சார்ல்ஸ் கெட்டில்ஸ் 1967 மே 15 அன்று 44 பேர் உயிரோடு வெளியே வரக் காரணமானவர். கடைசியாக எட்டுப் பேர் விட்டுப்போய்விட்டது தெரிந்ததும் துணைக்கு யாரும் இல்லாமல் மறுபடி போனார். அவருக்கு மெடல் ஆஃப் ஆனர் கிடைத்தது 2016இல், 49 வருஷம் கழித்து. அதுவும் முன்னாள் ராணுவத்தினரின் அனுபவங்களைப் பதிவு செய்துகொண்டிருந்த ஒரு தன்னார்வலர் அவரிடம் பேசப்போய்த்தான் விஷயம் கிளம்பியது. இயா டிராங் சண்டையில் (1965) பறந்த எட் ஃப்ரீமனுக்கு 2001, புரூஸ் கிராண்டலுக்கு 2007. அவர்கள் மருத்துவ ஹெலிகாப்டர் விமானிகளே கிடையாது. சுடுகிறார்கள், போக முடியாது என்று மருத்துவ ஹெலிகாப்டர்கள் மறுத்த இடத்துக்குள் போனவர்கள். துணிச்சலைப் பற்றி எழுதும்போது இந்த மறுப்பையும் எழுதியாக வேண்டும். எல்லா மீட்பு விமானிகளும் எல்லா நேரமும் போனார்கள் என்று எழுதினால், போனவர்களின் துணிச்சலுக்கு அர்த்தமே இல்லாமல் போய்விடும்.

இவ்வளவு காலம் கழித்துக் கொடுப்பதற்குச் சட்டத்தில் ஒரு ஜன்னல் வேண்டியிருந்தது. பரிந்துரைக்குக் காலக்கெடு உண்டு, தாண்டினால் முடிந்தது. 1996இல் வந்த ஒரு சட்டப்பிரிவுதான், நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் கேட்டால் பழைய கோப்பை மறுபடி பரிசீலிக்கலாம் என்று வழி திறந்தது. நான் மேலே சொன்ன தாமத விருதுகள் எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை என்பதைக் கவனியுங்கள். ‘தி லாஸ்ட் ஃபுல் மெஷர்’ இந்தச் சட்டத்தை மையமாக வைத்திருந்தால் தூங்கிவிடுவோமா? இருக்கலாம். ஆனால் சிட்னி லூமெட் மாதிரி ஒருவர் கையில் கிடைத்திருந்தால் காகிதத்தை வைத்தே பதற வைத்திருப்பார்.

சாட்சி இல்லாத குறையை எந்திரம் நிரப்பிய கதையும் வந்துவிட்டது. ஜான் சாப்மன் மருத்துவ உதவியாளர் இல்லை, விமானத் தாக்குதல்களைத் தரையிலிருந்து வழிநடத்துகிற விமானப்படை வீரர். ஆனால் நிலைமை பிட்சன்பார்கருடையதேதான்: வேறு படையினரோடு போனவர். 2002 மார்ச் 4 அன்று ஆப்கானிஸ்தானின் தாகுர் கர் மலை உச்சியில், கூட வந்த கடற்படை சீல் வீரர்கள் அவர் இறந்துவிட்டார் என்று நினைத்துப் பின்வாங்கினார்கள். அவர் அதற்குப் பிறகும் தனியாகச் சண்டை போட்டார் என்பதை விமானப்படை பின்னாளில் நிறுவியது. மனித சாட்சி கிடையாது. மேலே பறந்த ஆளில்லா விமானம் எடுத்த வீடியோதான் முக்கிய ஆதாரம். அவருக்கும் முதலில் ஏர்ஃபோர்ஸ் கிராஸ், 2018இல் மெடல் ஆஃப் ஆனர். கூட நின்றவர்கள் கண்ணுக்குத் தெரியாதது கேமராவுக்குத் தெரிந்திருக்கிறது. இதில் சந்தோஷப்படுவதா என்று எனக்குள் இன்னும் ஒரு தயக்கம்.

படத்துக்குத் திரும்புகிறேன். அது நன்றாகச் செய்த விஷயம் கிழவர்கள். சாமுவேல் எல். ஜாக்சன், எட் ஹாரிஸ், வில்லியம் ஹர்ட், பீட்டர் ஃபோண்டா, ஜான் சாவேஜ். ஒவ்வொருவரும் ஒரு குற்ற உணர்ச்சியைச் சுமந்துகொண்டு வாழ்கிறார்கள். ஹஃப்மன் கதவைத் தட்டும்போது அவர்கள் முதலில் பேச மறுப்பதில்தான் படத்தின் உண்மை இருக்கிறது. சாட்சி சொல்வதென்றால் அந்த இரவுக்குள் மறுபடி நுழைய வேண்டும். அவன் எவ்வளவு நல்லவன் என்று சொல்ல வந்தால், தான் அன்றைக்கு என்ன செய்தோம், என்ன செய்யாமல் கிடந்தோம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டிவரும். 34 வருஷ மௌனத்துக்கு இதுவே போதுமான காரணம். திரைக்கதை கையில் இவ்வளவு பெரிய விஷயத்தை வைத்துக்கொண்டு எதற்காக ஒரு வில்லனைத் தேடிப் போனது என்பதுதான் என் ஆத்திரம்.

செய்யத் தவறியதில் இன்னொன்று: ஹெலிகாப்டர் குழு. சேலமும் மற்றவர்களும் சுடப்படுகிற காட்டின் தலைக்கு மேல் அசையாமல் நின்றார்கள். வடம் இறங்கி ஏறுகிற வரைக்கும் ஹெலிகாப்டர் நகர முடியாது, சுடுகிறவனுக்கு அதை விட வசதியான குறி கிடையாது. ஒன்பது பேர் பிழைத்ததில் பாதிப் பங்கு அந்த நிற்பதற்கு உண்டு. மறுநாள் அதே இடத்தில் இறங்கின ஓ’பியர்ன் இருக்கிறார். ஒருவருக்குப் பதக்கம் வாங்கிக்கொடுக்கிற கதைக்கு ஒரே ஒரு நாயகன்தான் வசதி, மற்றவர்கள் ஓரத்துக்குப் போய்விடுகிறார்கள். எதிர்ப்பக்கம் சண்டையிட்ட வியட்நாமியர்களோ மரங்களுக்கு நடுவே துப்பாக்கி வெளிச்சமாக மட்டும் இருக்கிறார்கள்.

நம் பக்கம் ஒரு வார்த்தை. பரம் வீர் சக்ரா பெற்ற 21 பேரில் ராணுவ மருத்துவப் பிரிவிலிருந்து ஒருவர்கூட இல்லை. அதற்கு அடுத்த மகாவீர் சக்ராவில் இருக்கிறார்கள். அதில் ஒருவர் பேரிலேயே ஊரைச் சுமந்த லெப்டினன்ட் கர்னல் ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ். கொரியப் போருக்கு இந்தியா சண்டையிடும் படையை அனுப்பவில்லை, 60ஆவது பாராசூட் ஃபீல்ட் ஆம்புலன்ஸ் என்ற மருத்துவப் பிரிவை அனுப்பியது. அதன் தலைவர் இவர். 1950 டிசம்பரில் பியோங்யாங்கிலிருந்து எல்லோரும் பின்வாங்கியபோது, வண்டி இல்லை, சாமான்களை அழித்துவிட்டு வாருங்கள் என்றார்கள். இவர்கள் கைவிடப்பட்ட ஒரு ரயில் எஞ்சினைக் கண்டுபிடித்து, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, நீராவி ஏற்றி, மருந்தும் கருவிகளுமாக ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். 1951 மார்ச் 23 அன்று முன்சானில் அமெரிக்க 187ஆவது படைப்பிரிவோடு பாராசூட்டில் குதித்தார்கள். ரங்கராஜ் பின்னாளில் உலக சுகாதார நிறுவனத்துக்காக ஆப்கானிஸ்தானில் பெரியம்மை ஒழிப்பில் வேலை பார்த்தார். எஞ்சின் விஷயம் மட்டுமே ஒரு முழுப் படத்துக்குத் தாங்கும், வில்லன் தேவையே இல்லை.

‘தி லாஸ்ட் ஃபுல் மெஷர்’ படத்தைப் பார்க்கலாமா என்றால், பாருங்கள். பென்டகன் நடைபாதைக் காட்சிகளை ஓட்டிவிட்டுப் பார்த்தாலும் நஷ்டம் இல்லை. கிழவர்கள் பேசுகிற இடங்களில் மட்டும் ஓட்டாதீர்கள். அப்பாவாக வரும் கிறிஸ்டோபர் ப்ளம்மர் 2021 பிப்ரவரியில் போய்விட்டார். வில்லியம் ஹர்ட் 2022 மார்ச்சில். பீட்டர் ஃபோண்டாவுக்கு இதுதான் கடைசிப் படம். படம் தியேட்டருக்கு வருவதற்குள், 2019 ஆகஸ்டிலேயே அவர் இல்லை.